கையொப்பமிட மறுத்தவர் – ழான் மூலேன்

பாரிஸ் நகரின் பாந்தியன் மண்டபத்து நிலவறையில் வோல்த்தேரும் ரூசோவும் விக்தோர் ஹ்யூகோவும் எமில் ஸோலாவும் துயில்கின்றனர். அந்த நிலவறைக்கு 1964ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் ஒரு சாம்பற் கலசம் கொண்டுவரப்பட்டது. கடுங்குளிர். பனிக்காற்று பதாகைகளை அலைக்கழித்தது. குடியரசுத் தலைவர் டெ கோல் இராணுவ மேலங்கியுடன் நின்றிருந்தார். நாவலாசிரியரும் பண்பாட்டு அமைச்சருமான ஆந்த்ரே மால்ரோ நடுங்கும் குரலில் அஞ்சலியுரை நிகழ்த்தினார். இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சொற்பொழிவுகளில் தலையாயவற்றுள் ஒன்றாக அவ்வுரை இன்றும் கொள்ளப்படுகிறது. ஆயினும் அந்தக் கலசத்தில் இருந்தது யாருடைய சாம்பல் என்பதை அங்குக் கூடியிருந்த எவராலும் ஐயமறச் சொல்லியிருக்க முடியாது. அரசு ஆவணங்களே அதனை ழான் மூலேனின் சாம்பல் எனக் கருதப்படுவது என்றுதான் குறிக்கின்றன.

நாடு முழுவதும் தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் பெயராகிப்போன ஒரு மனிதரின் எச்சம் இவ்வாறு ஐயத்துக்குரியதாக நிற்கிறது. அவர் எங்கே இறந்தார், எவ்வாறு இறந்தார், யாரால் காட்டிக்கொடுக்கப்பட்டார் என்னும் மூன்று வினாக்களும் எண்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் வழக்காகவே நீடிக்கின்றன. வழக்குக்கு அப்பாற்பட்டு நிற்பது ஒன்றே ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

ஆசிரியரின் மகன்

தென் பிரான்சின் பெஸியே நகரில் 1899ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் ழான் மூலேன் பிறந்தார். தந்தை வரலாற்று ஆசிரியர். குடியரசுக் கொள்கையில் ஊறியவர். யூதர் என்பதற்காகப் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட படைத்தலைவர் திரேஃபுயுஸின் பக்கம் நின்றவர். பொய்யான ஓர் ஆவணம் ஒரு நாட்டின் மனச்சாட்சியையே இரண்டாகப் பிளக்கக்கூடும் என்பது அந்த இல்லத்தில் அன்றாடம் பேசப்பட்ட செய்தி. மூத்த மகன் ஒருவர் இளமையிலேயே மறைந்துவிட, தமக்கை லோரும் தம்பி ழானும் எஞ்சினர். பிற்காலத்தில் தம்பியின் வாழ்க்கையை எழுதி வெளியிட்டவர் இந்த லோர்தான்.

சிறுவன் மூலேன் படிப்பில் நடுத்தரம். படம் வரைவதில் மட்டும் கை ஓயாது. கேலிச்சித்திரங்கள் அவருக்கு இயல்பாக வந்தன. ஆனால் ஓவியத்தை நம்பி வாழ்க்கையை ஓட்ட முடியாது என்பது தந்தையின் எண்ணம். எனவே மோன்பெலியேயில் சட்டம் பயின்றார். அதே வேளையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். 1918இல் படைக்கு அழைக்கப்பட்டார். போர்முனையைக் காணுமுன் போர் முடிந்துவிட்டது. அதன்பின் ஆட்சித்துறையில் அவர் ஏறிய வேகம் வியப்புக்குரியது. 1925இல், இருபத்தாறாம் வயதில், மலைநாட்டு ஊரான ஆல்பெர்வில்லில் துணை ஆட்சியரானார். அப்போது பிரான்சு முழுவதிலும் அவரே மிக இளைய துணை ஆட்சியர். 1937இல் ரொதேஸ் நகரைத் தலைநகராகக் கொண்ட அவேரோன் மாவட்டத்தின் ஆட்சியராகப் பொறுப்பேற்றபோதும் அதே சிறப்பு அவருக்குக் கிடைத்தது. 1926இல் செய்துகொண்ட திருமணம் இரண்டே ஆண்டுகளில் மணமுறிவில் முடிந்தது.

கவிஞர்களின் தோழர்

அவருடைய வாழ்க்கையில் இலக்கிய அன்பர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம், 1930 முதல் அவர் துணை ஆட்சியராக இருந்த ஷாத்தோலேன். பிரித்தானி மாநிலத்தின் மேற்குக் கோடியில், கடற்காற்று ஓயாத நிலப்பகுதியில் இருக்கும் சிற்றூர் அது. பகலில் கோப்புகளைப் பார்த்த துணை ஆட்சியர், ஓய்வு நேரங்களில் கவிஞர்களைத் தேடிச் சென்றார். கடலோரத்துக் கமாரே ஊரில் தனி மாளிகையில் வாழ்ந்த முதிய கவிஞர் சேன்-போல்-ரூ அவருக்கு நண்பரானார். கேம்பேர் நகரில் பிறந்தவரும் பிக்காசோவின் இளமைக்காலத் தோழருமான மாக்ஸ் ழாக்கோபும் நண்பரானார்.

அந்த நிலத்தின் கவிஞர் திரிஸ்தான் கோர்பியேர் மீது மூலேனுக்குத் தீராத ஈடுபாடு உண்டாயிற்று. நோயாளியாகவே வாழ்ந்து, 1873இல் ஒரே ஒரு கவிதைத் தொகுதியை வெளியிட்டு, எவராலும் கவனிக்கப்படாமல், இரண்டு ஆண்டுகளில் முப்பது வயது நிரம்புமுன் இறந்துபோன கவிஞர் கோர்பியேர். அவருடைய கவிதைகளுக்கு மூலேன் செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு செதுக்கிய படங்கள் 1935இல் நூலாக வெளிவந்தன. ஓர் அரசு அதிகாரி தம் பெயரில் ஓவியம் வெளியிடுவது பொருந்தாது என்பதால் ரொமானேன் என்னும் புனைபெயரால் அவற்றில் கையொப்பமிட்டார். அவருடைய முன்னோர் ஊரான சேன்-ஆந்தியோலுக்கு அருகில், அல்பீய் மலைத்தொடரில், பாழடைந்து கிடக்கும் ஒரு கோட்டையின் பெயர் அது. அவர் ஏற்ற பல பெயர்களுள் முதலாவது இவ்வாறு கலைக்காக ஏற்கப்பட்டது.

அப்படங்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. 1870ஆம் ஆண்டுப் போரின்போது பிரித்தானியைச் சேர்ந்த படைவீரர்கள் கோன்லி முகாமில் சேற்றிலும் பசியிலும் கைவிடப்பட்ட அவலத்தைக் கோர்பியேர் பாடியிருந்தார். அதற்கு மூலேன் வரைந்த படத்தில் மெலிந்த சடலங்கள் குவிந்து கிடக்கின்றன. பத்தாண்டு கழித்து வதைமுகாம்களின் நிழற்படங்களைக் கண்ட பலருக்கும் இந்தச் செதுக்கோவியம் நினைவுக்கு வந்தது. எதிர்காலத்தை முன்னறிந்து வரைந்தார் என்று சொல்வது மிகையாகும். கவிதையை ஆழ்ந்து படித்து, அதிலிருந்த மனிதத் துயரத்தை நேர்மையாக வரைந்தார் என்பதே உண்மை.

இதே ஆண்டுகளில் அரசியலும் அவரை அழைத்தது. தீவிரக் குடியரசுக் கட்சியின் இளம் தலைவர் பியேர் கோ விமானத்துறை அமைச்சரானபோது மூலேன் அவருடைய அலுவலகத்தில் பணியாற்றினார். 1936இல் ஸ்பெயின் நாட்டுக் குடியரசின்மீது ஃபிராங்கோவின் படை பாய்ந்தது. தலையிடுவதில்லை என்று பிரெஞ்சு அரசு அறிவித்திருந்த நிலையில், ஸ்பெயின் குடியரசுக்கு மறைவாக விமானங்கள் சென்றடைய வழிசெய்தவர்களுள் மூலேனும் ஒருவர். மறைந்து செயல்படும் பயிற்சியை அவர் அங்கேதான் பெற்றார். அவர் இறந்த பின் அவர்மீது வீசப்பட்ட பழிக்கு வித்தும் அந்த நட்பிலேயே விழுந்தது.

ஷார்த்ருவில் ஓர் இரவு

1939இன் தொடக்கத்தில் மூலேன் ஊர்-ஏ-லுவார் மாவட்டத்தின் ஆட்சியராகப் புகழ்பெற்ற பேராலயம் அமைந்த ஷார்த்ரு நகருக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மானியப் படை பாரிசை வீழ்த்தித் தெற்கு நோக்கி விரைந்தது. விமானக் குண்டுகளுக்கு அஞ்சி நகரமே காலியாயிற்று. அதிகாரிகள் ஓடினர், காவலர் ஓடினர், நீர் வழங்கல் நின்றது. ஆட்சியர் மட்டும் தம் இடத்தைவிட்டு நகரவில்லை. எஞ்சியிருந்த முதியோருக்கும் வழியில் சிக்கிய அகதிகளுக்கும் ரொட்டி கிடைக்கச் செய்வதே அந்நாள்களில் அவருடைய ஆட்சியாக இருந்தது.

ஜூன் 17ஆம் நாள் ஜெர்மானியர் நகருக்குள் நுழைந்தனர். அன்று மாலையே மூலேனை அழைத்து ஓர் ஆவணத்தை நீட்டினர். பிரெஞ்சுப் படையிலிருந்த செனெகல் நாட்டுக் கறுப்பின வீரர்கள் பின்வாங்கும்போது பெண்களையும் குழந்தைகளையும் வன்புணர்ந்து கொன்றனர் என்பது அந்த ஆவணத்தின் சாரம். மாவட்ட ஆட்சியர் என்ற முறையில் அவர் அதில் கையொப்பமிட வேண்டும். சான்றாக அவருக்குக் காட்டப்பட்ட உடல்களோ குண்டுவீச்சில் சிதைந்தவை. அந்த ஆவணத்தின் தேவை வேறாக இருந்தது. அந்த வாரங்களில் சரணடைந்த ஆப்பிரிக்க வீரர்களை ஜெர்மானியப் பிரிவுகள் பல இடங்களில் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொன்றன. லியோன் நகருக்கு அருகில் ஷாஸ்லே என்னுமிடத்தில், மூலேன் வதைபட்ட இரண்டு மூன்று நாள்களுக்குள் நடந்த படுகொலை அவற்றுள் ஒன்று. அங்கே அவ்வீரர்களுக்கு எழுப்பப்பட்ட செந்நிறக் கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ளது. கறுப்பு மனிதனைக் கொல்வதற்கு முன் அவனைக் கொடியவன் என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. எழுதியதற்கு ஒரு பிரெஞ்சு அதிகாரியின் கையொப்பமும் வேண்டியிருந்தது.

மூலேன் மறுத்தார். துப்பாக்கிக் கட்டையாலும் கையாலும் காலாலும் மணிக்கணக்கில் அடித்தனர். சிதைந்த ஒரு பெண்ணுடலோடு அவரை ஓர் அறையில் தள்ளிப் பூட்டினர். மீண்டும் அடித்தனர். இரவானதும், அவருடைய கறுப்பின நேசத்துக்கு இதுவே தகும் என்று ஏளனம் செய்து, சிறைபிடிக்கப்பட்ட செனெகல் வீரர் ஒருவர் இருந்த அறையில் அடைத்தனர்.

அந்த இருளில் அவர் தம்மைத் தாமே எடைபோட்டார். உடல் தாங்கும் எல்லையைத் தொட்டுவிட்டதென அறிந்தார். விடிந்ததும் மீண்டும் தொடங்குவார்கள். அப்போது தம் கை தம்மை அறியாமல் கையொப்பமிட்டுவிடக்கூடும் என்று அஞ்சினார். குண்டுவீச்சில் உடைந்து தரையில் சிதறியிருந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துக் கழுத்தை அறுத்துக்கொண்டார். விடியலில் காவலர் அவரை இரத்த வெள்ளத்தில் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். உயிர் பிழைத்தார். ஆவணம் கையொப்பமின்றியே கிடந்தது.

வீரம் என்பது வலியை உணராமை என்று எண்ணுவோர்க்கு இந்த இரவு ஒரு பாடம். மூலேன் தம் வலிமையை நம்பியதால் கழுத்தை அறுத்துக்கொள்ளவில்லை. தம் வலுவின்மையை அறிந்ததால் அறுத்துக்கொண்டார். இதனைத் தாமே 1941இல் ஒரு சிறு நூலாக எழுதி, தாயும் தமக்கையும் அறிய மறைத்து வைத்தார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1947இல், டெ கோலின் முன்னுரையுடன் அது வெளியாயிற்று. தம்மைப் புகழும் சொல் ஒன்றும் இல்லாத நூல் அது.

கழுத்துத் துணியும் சாய்ந்த தொப்பியுமாக மோன்பெலியே நகரத்துக் கல் வளைவுகளின் அருகே அவர் நிற்கும் நிழற்படத்தை உலகம் அறியும். அந்தத் துணி கழுத்துத் தழும்பை மறைப்பதற்கே என்னும் கதையும் அதனுடன் பரவிவிட்டது. உண்மையில் இளமைக்கால நண்பர் ஒருவர் அப்படத்தை எடுத்தது ஷார்த்ரு நிகழ்ச்சிக்கு முந்திய குளிர்காலத்தில் என்பது பின்னைய ஆய்வில் தெளிவாயிற்று. அப்போது அக்கழுத்தில் தழும்பு இல்லை.

மூலேன் பிழைத்த அதே ஜூன் மாதத்தின் இறுதியில் கமாரேயில் அவருடைய நண்பர் சேன்-போல்-ரூவின் மாளிகைக்குள் ஒரு ஜெர்மானியப் படைவீரன் புகுந்தான். பணிப்பெண் கொல்லப்பட்டார், கவிஞரின் மகள் படுகாயமுற்றார். வாழ்நாள் முழுதும் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் படிகள் சூறையாடப்பட்டு அழிந்தன. கவிஞர் அந்த ஆண்டு அக்டோபரில் காலமானார்.

பல பெயர்கள்

சரணடைந்த பிரான்சின் விஷி அரசு 1940 நவம்பரில் மூலேனைப் பதவியிலிருந்து நீக்கியது. சேன்-ஆந்தியோல் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஓவியம் வரையும் ஓய்வுபெற்ற அதிகாரி என்பது அவருடைய வெளித்தோற்றம். உள்ளே வேறு வேலை நடந்தது. தென்பகுதியில் ஆங்காங்கே முளைத்திருந்த எதிர்ப்புக் குழுக்களின் தலைவர்களைச் சந்தித்தார்; யாரிடம் எத்தனை பேர், என்ன கருவி, என்ன இதழ் என்பனவற்றைக் கணக்கெடுத்தார். ஜோசப் மெர்சியே என்ற பெயரில் கடவுச்சீட்டுப் பெற்று, ஸ்பெயின், போர்ச்சுகல் வழியாக 1941 அக்டோபரில் இலண்டன் சேர்ந்தார்; டெ கோலைச் சந்தித்தார். ஒருவர் மரபான படைத்தலைவர். மற்றவர் இடதுசாரிச் சார்புள்ள குடியரசு அதிகாரி. இருவரும் ஒருவரையொருவர் எடைபோட்டு ஏற்றுக்கொண்டனர்.

1942ஆம் ஆண்டு பிறந்த முதல் இரவில், இரு தோழர்களுடன், அல்பீய் மலைப்பகுதியில் வான்குடை மூலம் இறங்கினார். பிறந்த ஊருக்கு நிகராக அவர் நேசித்த மண் அது. விழுந்தது சதுப்பு நிலத்தில். டெ கோலின் ஆணை நுண்படலத்தில் பதிக்கப்பட்டு ஒரு தீப்பெட்டியின் இரட்டை அடியில் மறைக்கப்பட்டிருந்தது. அன்று முதல் அவர் ரெக்ஸ் ஆனார். பின்னர் மாக்ஸ் ஆனார். கவிஞர் மாக்ஸ் ழாக்கோபின் நினைவாகவே அப்பெயரை ஏற்றார் என்று கருதுவோர் உண்டு.

இட்ட பணி எளிதன்று. ஆன்ரி ஃப்ரனேயின் கோம்பா, எம்மானுவேல் தஸ்தியேயின் லிபராசியோன், ழான்-பியேர் லெவியின் ஃப்ரான்-திரேர் ஆகிய மூன்று பேரியக்கங்களின் தலைவர்களும் உயிரைப் பணயம் வைத்துத் தம் அமைப்புகளை வெறுங்கையால் கட்டியவர்கள். இலண்டனிலிருந்து வந்த ஒருவர் பணத்தையும் கருவிகளையும் செய்தித் தொடர்பையும் தம் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுபடச் சொன்னபோது அவர்கள் சினந்தனர். அதிலும் ஃப்ரனேயுடன் எழுந்த மோதல் கடுமையானது. மூலேனும் விட்டுக்கொடுக்கும் இயல்பினர் அல்லர். ஓராண்டுக்கும் மேலான வாதப் பிரதிவாதங்களுக்குப் பின், 1943 ஜனவரியில் மூன்று இயக்கங்களும் ஒன்றாயின.

இந்த வாழ்க்கையை மிக அருகிலிருந்து கண்டவர் தானியேல் கோர்தியே. மன்னராட்சிக் கொள்கையும் யூத வெறுப்பும் கொண்ட இளைஞராக வீட்டைவிட்டுப் புறப்பட்டு இலண்டன் சேர்ந்து, 1942 கோடையில் வான்குடையில் இறங்கியவர். லியோன் நகரில் மூலேன் அவரைத் தம் செயலாளராக அமர்த்திக்கொண்டார். தெருவில் நடக்கையில் உளவாளி எவனேனும் ஒட்டுக்கேட்டால் ஐயுறாதிருக்கும் பொருட்டு ஓவியத்தைப் பற்றியே பேசுவார் மூலேன். பாதுகாப்புக்காகத் தொடங்கிய அப்பேச்சு அந்த இளைஞருக்குக் கல்வியாயிற்று. போருக்குப் பின் கோர்தியே பாரிசின் பெயர்பெற்ற நவீன ஓவிய வணிகரானதற்கு வித்து இதுவே. தாம் பணிசெய்த தலைவரின் உண்மைப் பெயரை அவர் இறந்து பல மாதங்களுக்குப் பின்னரே கோர்தியே அறிந்தார்.

1943 பிப்ரவரியில் மூலேன் நீஸ் நகரில் ஓர் ஓவியக் கூடத்தைத் திறந்தார். அதன் பெயர் ரொமானேன். மத்தீஸ், பொன்னார், தூஃபி ஆகியோரின் படைப்புகள் அங்கு வைக்கப்பட்டன. பயணங்களுக்குக் காரணம் காட்ட அது ஒரு மறைப்பு. எனினும் அங்கே தொங்கிய படங்கள் அனைத்தும் அவர் நேசித்துத் தேர்ந்தவை.

1943 மே 27ஆம் நாள் பாரிசில் ஃபூர் தெருவின் 48ஆம் எண் வீட்டில் எதிர்ப்பியக்கத்தின் தேசிய அவை முதன்முறையாகக் கூடியது. எட்டு இயக்கங்கள், ஆறு கட்சிகள், இரு தொழிற்சங்கங்கள் என்று பதினாறு பிரதிநிதிகள், தலைமை மூலேன். பொதுவுடைமையரும் கத்தோலிக்கரும் பழமைவாதிகளும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அமெரிக்கரின் ஆதரவு தளபதி ழிரோவுக்கு இருந்த நேரத்தில், போரிடும் பிரான்சு டெ கோலை ஏற்கிறது என்பதை இந்த அவை உலகுக்குக் காட்டியது. அதன் பின் மூலேன் உயிருடன் சுதந்திரமாக இருந்தது இருபத்தைந்து நாள்கள் மட்டுமே.

கலூயிர்

ஜூன் 9ஆம் நாள் இரகசியப் படையின் தலைவர் தளபதி தெலேஸ்திரான் பாரிசில் பிடிபட்டார். அவருடைய இடத்தை நிரப்புவது பற்றிப் பேச, லியோன் நகரின் புறப்பகுதியான கலூயிரில், மருத்துவர் துய்கூழோனின் இல்லத்தில் ஜூன் 21ஆம் நாள் ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. முந்திய நாள்தான் மூலேனுக்கு 44 வயது நிறைந்திருந்தது.

அவர் குறித்த நேரத்துக்குப் பிந்தியே வந்தார். உடன் வந்த ரேமோன் ஓப்ராக்கும் கர்னல் ஷ்வார்ட்ஸ்ஃபெல்டும் அவரும் நோயாளிகளோடு கீழ் அறையில் அமர்த்தப்பட்டனர். சில நிமிடங்களில் கிளவுஸ் பார்பியின் தலைமையில் கெஸ்டாப்போவினர் வீட்டைச் சூழ்ந்தனர். மூலேனிடம் இருந்தவை ழாக் மார்தெல் என்னும் ஓவியரின் அடையாளச் சீட்டும் வாத நோய்க்கு மருத்துவரைக் காணவந்ததற்கான கடிதமும். ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் கைவிலங்கிடப்பட்டது. வாயிலில் ஒருவர் மட்டும் காவலனைத் தள்ளிவிட்டு ஓடித் தப்பினார். அவர் பெயர் ரெனே ஆர்தி. இரயில் பாதைகளைத் தகர்க்கும் பிரிவின் தலைவர். கோம்பா இயக்கத்தவர் தம் தரப்பை வலுப்படுத்தும் பொருட்டு அழைத்துவந்தவர். மூலேனால் அழைக்கப்பட்டவர் அல்லர்.

இங்கிருந்துதான் வழக்கு தொடங்குகிறது. 1947இல் ஆர்தி துரோகக் குற்றம் சுமத்தப்பட்டு விசாரிக்கப்பட்டார், விடுதலையானார். அதன்பின் ஒரு சான்று வெளிப்பட்டது. கலூயிர் கூட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன் ஆர்தி இரயிலில் கைதுசெய்யப்பட்டு, பார்பியின் கைக்கு வந்து, பின் விடப்பட்டிருந்தார். அதனைத் தோழர்களிடம் மறைத்துவிட்டார். நீதிமன்றத்திலும் மறுத்துப் பொய்யுரைத்திருந்தார். 1950இல் இராணுவ நீதிமன்றத்தில் மீண்டும் விசாரணை நடந்தது, மீண்டும் விடுதலை. அதன்பின் ஆர்தி நாவலாசிரியரானார். அவருடைய நாவல் ஒன்று இலக்கியப் பரிசு பெற்றது. நிக்கோலஸ் ரே இயக்கத்தில் 1957இல் திரைப்படமும் ஆயிற்று. 1987இல் இறக்கும்வரை அவர் தம்மைக் குற்றமற்றவர் என்றே சொல்லிவந்தார்.

பொலிவியாவில் ஒளிந்து வாழ்ந்த பார்பி 1983இல் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டு, 1987இல் லியோன் நகரில் ஆயுள் தண்டனை பெற்றார். யூதக் குழந்தைகளை மரண முகாமுக்கு அனுப்பியது உள்ளிட்ட மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கே அத்தண்டனை. மூலேனின் சாவு அவ்வழக்கில் இடம்பெறவில்லை. பார்பி தரப்பிலிருந்து ஓப்ராக் மீது ஐயம் கிளப்பப்பட்டது. அதனைப் பின்பற்றி 1997இல் வெளிவந்த நூலொன்றின்மீது ஓப்ராக் தம்பதியர் அவதூறு வழக்கிட்டு வென்றனர். ஃப்ரனேயோ, மூலேன் மறைமுகப் பொதுவுடைமையர் என்று 1977இல் நூல் எழுதினார். அதற்கு விடையளிக்கவே கோர்தியே ஓவிய வணிகத்தை விட்டு ஆவணக் காப்பகங்களுள் நுழைந்தார். நான் அவருடன் இருந்தேன் என்று சொல்வது போதாது, ஆவணம் பேச வேண்டும் என்பது அவருடைய உறுதி. பல பெருந்தொகுதிகளாக அவர் எழுதிய வரலாறு மூலேன் ஆய்வின் அடித்தளமாயிற்று. 2020இல் தமது நூறாம் வயதில் கோர்தியே மறைந்தார். மூலேன் அயல்நாட்டு உளவாளி என்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இதுவரை காட்டப்படவில்லை.

இறுதி நாள்கள்

லியோனின் இராணுவ மருத்துவப் பள்ளியில் கெஸ்டாப்போ அலுவலகம் இருந்தது. மோன்லுக் சிறையிலிருந்து கைதிகள் நாள்தோறும் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஓரிரு நாள்களில் மார்தெல் என்பவரே மாக்ஸ் என்பதைப் பார்பி அறிந்துகொண்டார். நாட்டின் எதிர்ப்பியக்கம் முழுவதும், அதன் பெயர்களும் முகவரிகளும் பண வழிகளும், அந்த ஒருவரின் நினைவில் இருந்தன.

ஜூன் 24ஆம் நாள் மாலை, சிறையில் முடிதிருத்தும் வேலை பார்த்த கைதி ஒருவரை அழைத்து, முற்றத்துப் பலகையில் கிடந்த ஒருவருக்கு முகம் மழிக்கச் சொன்னார்கள். அந்தக் கைதி, பின்னாளில் பிரான்சின் வெளியுறவு அமைச்சரான கிறிஸ்தியான் பினோ. கிடந்தவரை அவர் அடையாளம் கண்டார். கண்கள் உட்குழிந்திருந்தன, நெற்றிப்பொட்டில் நீலம் பாரித்த காயம். குடிக்க நீர் கேட்டார், ஒரு வாய் பருகினார், மீண்டும் நினைவிழந்தார். பினோ மங்கிய கத்தியால் மெல்ல மழித்து முடித்துவிட்டு, இரவு பூட்டும்வரை அவரருகில் அமர்ந்திருந்தார்.

பெயர்களை எழுதித் தரும்படி தாள் கொடுக்கப்பட்டபோது மூலேன் தம்மை வதைத்தவரின் கேலிச்சித்திரத்தை அதில் வரைந்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. பள்ளிப் பருவம் முதல் பழகிய கை அது. நடந்ததோ இல்லையோ, அவரை அறிந்தவர்கள் நம்பத் தயங்காத செய்தி அது.

பின்னர் அவர் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்குக் கெஸ்டாப்போ தலைவரின் வீட்டில், உயிர் ஊசலாடும் நிலையில், சக கைதிகள் அவரைக் கண்டனர். ஜெர்மனிக்கு அனுப்பப்பட்ட வழியில் இறந்தார். 1943 ஜூலை 8, மெட்ஸ் இரயில் நிலையம் என்பதே பதிவேட்டில் உள்ள நாளும் இடமும். இதயம் நின்றது என்பது காட்டப்பட்ட காரணம். மெட்ஸுக்கு முன்பே உயிர் பிரிந்தது என்பாரும், ஃபிராங்க்ஃபர்ட் வரை சென்றார் என்பாரும் உளர். வதையால் இறந்தார் என்பது பெரும்பாலோர் முடிபு. அவரே தலையை மோதிக்கொண்டு உயிர்விட முயன்றார் என்பது பார்பியின் கூற்று. கொலைகாரனுக்கு வசதியான கூற்று என்று அதனைத் தள்ளிவிடலாம். ஆனால் ஷார்த்ரு இரவை அறிந்தவர்கள் முற்றிலும் தள்ளவும் தயங்குகிறார்கள். உடல் பாரிசுக்குத் திருப்பப்பட்டு, பெர்-லஷேஸ் இடுகாட்டில் பெயர் அறியாத ஒருவராக எரிக்கப்பட்டது எனக் கொள்ளப்படுகிறது. அங்கிருந்த எண்ணிட்ட கலசமே 1964இல் பாந்தியனுக்குச் சென்றது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் மாக்ஸ் ழாக்கோப் யூதராகப் பிறந்த குற்றத்துக்காகத் திரான்சி முகாமில் நோயுற்று மாண்டார். 1945 ஏப்ரலில், முகாம் மீட்கப்படுவதற்குப் பத்து நாள்கள் முன், தெலேஸ்திரான் தகாவில் கொல்லப்பட்டார். மூலேன் அமைத்த தேசிய அவை மட்டும் கலையவில்லை. ழார்ழ் பிதோ தலைமையில் அது தொடர்ந்தது. 1944 மார்ச்சில் அது வகுத்த திட்டத்திலிருந்தே போருக்குப் பிந்திய பிரான்சின் சமூகப் பாதுகாப்பு முறை உருவாயிற்று.

வழக்குக்கு அப்பாற்பட்டது என்று தொடக்கத்தில் குறித்தது இதுதான். மூலேன் பிடிபட்ட பிறகு, அவர் மட்டுமே அறிந்திருந்த பெயர்களைக் கொண்டு கெஸ்டாப்போ எவரையும் பிடிக்கவில்லை. கோர்தியே தம் அறையிலிருந்து பணியைத் தொடர்ந்தார். பதினாறு பிரதிநிதிகளும் தத்தம் இடங்களில் இருந்தனர். யார் காட்டிக்கொடுத்தார் என்பதற்கு நூல்கள் பல விடைகளைத் தருகின்றன. மூலேன் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்னும் கேள்விக்கு ஒரே விடைதான். அதில் பகைவரும் மாறுபடவில்லை.

பெஸியே நகரத்து அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியங்களும் செதுக்கோவியங்களும் பாதுகாக்கப்படுகின்றன. பாந்தியனில் உள்ள கலசத்தைப் பற்றி ஐயம் இருக்கலாம். இந்தத் தாள்களைத் தொட்ட கை அவருடையது என்பதில் ஐயம் இல்லை. படத்தின் ஓரத்தில் ரொமானேன் என்று சிறிய எழுத்துகளில் கையொப்பம் இருக்கிறது.